விளையாட்டு வினையாகட்டும்: வேலை பழக்கும் கணினி விளையாட்டுகள் உருவாகும் விதம்

“விளையாட்டு வினையாகும்” என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை அதட்டுவது வழக்கம். அங்கே வினை என்றால் கேடு. ஆனால் வினை என்ற சொல்லுக்கு வேலை, செயல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் ‘வினைசெயல்வகை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரு காரியத்தை எப்படிச் செய்து முடிப்பது என்பதுதான் அதன் பொருள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வினையைப் பற்றியது.

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆடும் விளையாட்டுகளை ஆலையிலும் ஹோட்டலிலும் ஆபீஸிலும் வேலை பழக்கப் பயன்படுத்துகிறார்கள். ‘சீரியஸ் கேம்’ என்பது இதற்கு வழங்கும் பெயர். கிளார்க் ஆப்ட் என்ற அமெரிக்கர் 1970-இல் இதே தலைப்பில் ஒரு நூல் எழுதினார். கற்பிப்பதை முதல் நோக்கமாகவும் பொழுதுபோக்கை அடுத்ததாகவும் கொண்ட விளையாட்டு என்பது அவர் விளக்கத்தின் சாரம். நாம் இதைப் ‘பயன்விளையாட்டு’ என்று சொல்லிக்கொள்வோம். “எப்பப் பார்த்தாலும் கேமா?” என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோரும், மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய விஷயம் இது.

ஒரு விபத்து, பல தீர்மானங்கள்

2005 ஜூலை 26 அன்று பெய்த மழையை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மறுநாள் கடலில் நடந்த ஒரு விபத்து, ஊர் தண்ணீரில் கிடந்த கவலையில் பலர் நினைவில் தங்கவில்லை. மும்பைக் கரைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், ஓ.என்.ஜி.சி.யின் ‘மும்பை ஹை நார்த்’ எண்ணெய் மேடை தீப்பிடித்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடலில் சரிந்தது. அங்கே இருந்த 384 பேரில் 22 பேர் உயிரிழந்தார்கள்.

எல்லாம் தொடங்கியது ஒரு வெட்டுக்காயத்தில். ‘சமுத்ரா சுரக்ஷா’ என்ற துணைக் கப்பலின் சமையற்காரருக்கு இரண்டு விரல்களின் நுனி வெட்டுப்பட்டுவிட்டது. மழைக்காலக் காற்றில் ஹெலிகாப்டர் பறக்க முடியாத நிலை. எனவே கப்பலை மேடையருகே கொண்டுபோய், கிரேன் மூலம் அவரை மேலே ஏற்றுவது என்று முடிவாயிற்று. காற்று மறைவான பக்கத்துக் கிரேன் ஓடவில்லை. அதனால் காற்றடிக்கும் பக்கமாகக் கப்பல் வந்தது. கணினி உதவியோடு கப்பலை நகர்த்தும் உந்திகளில் கோளாறு. அதனால் கையால் இயக்கி, பின்பக்கமாகக் கொண்டுவந்தார்கள். காயம்பட்டவர் மேடைக்கு ஏறியும்விட்டார். கப்பல் விலகும் நேரத்தில் அலை தூக்கித் தள்ள, அதன் பின்பகுதி மேடையின் எரிவாயுக் குழாயில் மோதியது. கசிந்த வாயு பற்றிக்கொண்டது.

இந்தத் தீர்மானங்களைத் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். அடிபட்ட மனிதரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் தப்பில்லை. ஒரு கிரேன் ஓடாவிட்டால் மறு கிரேன் என்பதும் எவருக்கும் தோன்றுவதுதான். வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போதுதான் ஆபத்து படிப்படியாக ஏறியிருப்பது தெரிகிறது. கிரேனைப் பழுது பார்க்காமல் விட்டவர், கப்பலை ஓட்டியவர், குழாய் போகும் இடத்தை முன்பு வரைந்தவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். ஒருவர் கையில் நடந்தது இன்னொருவர் கையில் போய் வெடித்தது.

ஒரு கேம் இருந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் வேலைகளின் வரிசையைத்தான் ‘பிராசஸ்’ என்கிறார்கள். தமிழில் வேலைமுறை எனலாம். தன் வேலையை மட்டும் படித்தவருக்கு இந்த வரிசை கண்ணில் படாது. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாலும் படாது. வரிசையில் எங்கோ எடுத்த தீர்மானம் எங்கோ போய் விளைவதை, உயிரும் பொருளும் போகாமல் காட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். பயன்விளையாட்டின் வேலை அதுதான்.

பரமபதமா, ஆடுபுலியா?

விளையாட்டால் பாடம் சொல்வது நமக்குப் புதிதில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் பரமபதம் ஒரு நீதிப் பாடம். நல்ல குணத்துக்கு ஏணி, தீய குணத்துக்குப் பாம்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதில் ஆடுகிறவர் எதையும் தீர்மானிப்பதில்லை. உருட்டிய கட்டை சொன்னபடி காய் நகர்கிறது. பாம்பு கடித்தால் அது தலைவிதி.

கோயில் திண்ணையிலும் பாறையிலும் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் வேறு ஜாதி. மூன்று புலி, பதினைந்து ஆடு. கட்டையே கிடையாது. ஒவ்வொரு நகர்வும் ஆடுகிறவரின் முடிவு. தனியாக முன்னே போன ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் தாண்ட இடமில்லை. ஆடுகள் ஒன்றுக்கொன்று காவலாக நின்றால்தான் புலியை அடைக்க முடியும்.

இன்று ‘பயிற்சி விளையாட்டு’ என்ற பெயரில் கம்பெனிகளில் வருபவற்றில் பல பரமபதம் ரகம். நாலு கேள்வி, சரியான விடைக்கு ஒரு நட்சத்திரம், கடைசியில் கைதட்டும் ஓசை. அது பரீட்சைத் தாளுக்கு வண்ணம் பூசியது, அவ்வளவே. வேலைமுறை கற்பிக்கும் விளையாட்டு ஆடுபுலி ரகமாக இருக்க வேண்டும். ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவு மற்றக் காய்களைப் பாதிக்க வேண்டும்.

கடந்த நூற்றாண்டில் சில படிகள்

நியூயார்க் மாநிலத்தில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிலில் இருந்தது. அந்தத் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் வைத்தே 1929-இல் அவர் தரையில் நின்று ஆடும் ஒரு பொம்மை விமானம் செய்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காவில்தான் அதிகம் வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் எடுத்துச் செல்லும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் பலர் மாண்ட பிறகுதான் இராணுவம் அதை வாங்கியது. மேகத்துக்குள் கண் தெரியாமல், கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பழக்கத்தைத் தரையிலேயே அது கற்றுக்கொடுத்தது.

ஆலை வேலைக்கான விளையாட்டு 1932-இலேயே வந்துவிட்டது. லெனின்கிராடில் மேரி பிர்ஷ்டெய்ன் என்ற பெண்மணி, தட்டச்சு இயந்திரம் செய்யும் ஆலையின் நிர்வாகிகளுக்காக, உற்பத்தியில் வரும் சிக்கல்களை ஆடிப் பார்க்கும் ஒரு விளையாட்டை வகுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் காகிதத்தில்தான்.

1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவானது ‘பீர் கேம்’. பீர் நமக்கு ஆகாது என்பவர்கள் காபித்தூள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஆட வேண்டும். ஒருவர் கடைக்காரர், அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகஸ்தர், நாலாமவர் ஆலை. வாரம் 4 பெட்டி விற்றுக்கொண்டிருந்தது, ஒரு வாரம் 8 ஆகிறது. பிறகு அப்படியே 8-இல் நிற்கிறது. ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் ஆகும். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. என்ன நடக்கிறது தெரியுமா? கடைக்காரர் பயந்து கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார், அடுத்தவர் இன்னும் கூட்டுகிறார், ஆலைக்குப் போகும்போது மலையாகிவிடுகிறது. சில வாரம் கழித்து எல்லார் கிடங்கிலும் சரக்கு குவிந்து கிடக்கும். ஆடினவர்கள் முதலில் மற்றவரைத்தான் திட்டுவார்கள். வாடிக்கையாளரின் தேவை ஒரே ஒரு முறைதான் மாறியது என்று கடைசியில் காட்டும்போது அறையே அமைதியாகிவிடும். அந்த ஆட்டம் தருவது போன்ற பாடத்தைப் பத்து மணி நேரச் சொற்பொழிவும் தராது.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து இன்னொரு படி. அங்கே ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறை விளக்கோ, ‘மூடு’ என்று கட்டளை போனதை மட்டும் காட்டியது. மூடிற்றா என்பதைக் காட்டவில்லை. ஊழியர்கள் மூடிவிட்டதாகவே நம்பினார்கள். அதன் பிறகு, அந்தந்த நிலையத்தின் கட்டுப்பாட்டறையை அப்படியே நகல் செய்து பழக்கும் முறை வலுத்தது. நம் கல்பாக்கத்திலும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், வேக ஈனுலைக்கான இயக்குநர்களைப் பழக்க முழு அளவுப் பாவனைக் கட்டுப்பாட்டறையை உருவாக்கியது.

செம்பூரிலிருந்து பார்த்தால்

செம்பூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாஹுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஸ்ஸோ ஆலை 1954-இலும் பர்மா ஷெல் ஆலை 1955-இலும் வந்தன. பின்னாளில் அவை ஹெச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். ஆயின. கணக்குப் பிரிவில், கிடங்கில், பராமரிப்பில், ஆய்வுக்கூடத்தில் என்று நம்மவர்கள் வேலை செய்த இடங்கள். 2018 ஆகஸ்ட் 8 அன்று பி.பி.சி.எல். ஆலையில் வெடிவிபத்து நேர்ந்து 40 பேருக்கு மேல் காயமடைந்தபோது, சுற்றுவட்டாரமே அதிர்ந்ததையும் அறிவோம்.

இப்படிப்பட்ட சுத்திகரிப்பு ஆலைக்கென்றே ஒரு விளையாட்டு செய்யப்பட்டது. 1989-இல் வந்த ‘சிம்சிட்டி’யைப் பலர் ஆடியிருப்பீர்கள். நகரத்தைக் கட்டி ஆளும் விளையாட்டு. அதை வெளியிட்ட மாக்ஸிஸ் நிறுவனத்தின் வணிகப் பிரிவு, ஜான் ஹைல்ஸ் தலைமையில், செவ்ரான் எண்ணெய் நிறுவனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் ‘சிம்ரிஃபைனரி’ என்ற மாதிரியைச் செய்தது. பல ஆண்டுகள் அது பெயரளவில்தான் தெரிந்திருந்தது. 2020-இல் ஒரு பழைய பிளாப்பியில் கிடைத்து, இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரசாயனப் பொறியாளருக்கு ஆலை நடத்தக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. அதற்கான துல்லியமும் அதில் இல்லை. பொறியாளர் அல்லாத ஊழியர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஆலையின் ஒரு பகுதி மற்றொன்றை எப்படித் தொடுகிறது என்று காட்டவே அதைச் செய்தார்கள். இங்கே ஓட்டத்தைக் கூட்டினால் அங்கே என்ன குறையும், பராமரிப்புச் செலவை ஒத்திப்போட்டால் பிறகு என்ன ஆகும் என்பதுதான் பாடம். யாருக்கு, எந்த அளவுக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டதுதான் இந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம்.

இதன் பிறகு பல வந்தன. 2005-இல் கோல்ட் ஸ்டோன் என்ற அமெரிக்க ஐஸ்கிரீம் கடைத்தொடர், அளவாகப் பரிமாறுவது எப்படி என்று பழக்க ஒரு விளையாட்டை வெளியிட்டது. கை தாராளமானால் லாபம் எப்படிக் கரைகிறது என்பதை அது காட்டும். 2007-இல் ஐ.பி.எம். நிறுவனம் ‘இன்னோவேட்’ என்ற விளையாட்டில், ஓர் அலுவலகத்தின் வேலைமுறையை ஆராய்ந்து திருத்தி அமைப்பதையே ஆட்டமாக்கியது.

தாராவிக்கு ஒன்று வடிவமைப்போம்

பெரிய கம்பெனிக் கதையோடு நிறுத்தினால் நமக்கென்ன பயன்? தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டுப் பக்கம் பழைய பிளாஸ்டிக்கைப் புதிய மணிகளாக்கும் பட்டறைகள் இருந்தன. பங்கார் வியாபாரம் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே நுணுக்கமான ஒரு வேலைமுறை இருக்கிறது. வகை பிரிப்பது, மூடியும் லேபிளும் நீக்குவது, இயந்திரத்தில் நொறுக்குவது, கழுவுவது, கூரையில் காயவைப்பது, உருக்கி இழையாக்கி மணியாக வெட்டுவது என்று அது போகும். புதிதாக வரும் பையனுக்கு இதைப் பழக்க ஒரு செல்போன் விளையாட்டு செய்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி, போய் உட்கார்ந்து பார்ப்பது. முதலாளி சொல்லும் முறையும் கையேட்டில் இருக்கும் முறையும் நடக்கும் முறையும் ஒன்றாக இருப்பதில்லை. வேலை தெரிந்த மூத்த தொழிலாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த இடத்தில் என்ன முடிவு செய்கிறீர்கள்? எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? முடிவு தப்பானால் யாருக்கு, எப்போது தெரியும்? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் விளையாட்டே இருக்கிறது.

இரண்டாவது படி, தீர்மானங்களைப் பொறுக்கி எடுப்பது. வேலையில் நாற்பது அசைவுகள் இருக்கலாம். அத்தனையையும் திரையில் காட்ட வேண்டியதில்லை. மனம் தடுமாறும் இடங்கள் ஐந்தாறு இருக்கும். அவை போதும். உதாரணமாக, தண்ணீர் பாட்டிலுக்கான பெட் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாம் என்றால், பாட்டில் மூடி செய்யும் பிளாஸ்டிக் மிதக்கும், ஆனால் பெட், பி.வி.சி. இரண்டுமே மூழ்கிவிடும். மடித்துப் பார்த்தால் பி.வி.சி.யில் மடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். சிலர் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. விளையாட்டிலோ, புகையை முகராமலே ஆயிரம் துண்டைப் பிரித்துப் பழகலாம்.

மூன்றாவது படி, விளைவை அதற்குரிய இடத்தில் வைப்பது. பெட் உருக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டை பி.வி.சி. தாங்காது. கருகி, ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை வெளிவிடும். கொஞ்சம் பி.வி.சி. கலந்தாலும் மணிகளில் கரும்புள்ளி விழும், விலை விழும், உருக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்குக் கண்ணும் தொண்டையும் எரியும். பிரிப்பவர் காலையில் செய்த தப்பு, சாயங்காலம் இன்னொருவர் மூச்சில் ஏறுகிறது. ஆகவே தப்புத் துண்டைக் கூடையில் போட்டவுடன் ‘டொய்ங்’ என்று மணி அடித்தால் பாடம் போய்விடும். முதல் சுற்றில் வேண்டுமானால் உடனே சொல்லலாம், பழகும் வரை. அடுத்த சுற்றிலிருந்து பேசாமல் விட்டு, உருக்கும் கட்டத்தில் கரும்புள்ளி தோன்றும்போது, அன்றைய நாளைப் பின்னோக்கி ஓட்டி, எந்தத் துண்டு, எந்த நிமிடம் என்று காட்ட வேண்டும்.

நாலாவது படி, எதை விடுவது என்று தீர்மானிப்பது. நம் பையன்கள் சறுக்குவது இங்கேதான். பட்டறையை முப்பரிமாணத்தில் தத்ரூபமாக வரைந்துவிட்டால் விளையாட்டு ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். லிங்க்கின் பெட்டிக்குச் சின்னச் சிறகுதான் இருந்தது. அது விமானம்போல இருந்ததால் பயன்படவில்லை, அதன் கருவிகள் விமானத்தின் கருவிகள்போல நடந்துகொண்டதால் பயன்பட்டது. பிரிப்பவர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறாரோ அது மட்டும் அச்சாக இருக்க வேண்டும். மடிப்பில் விழும் வெள்ளைக் கோடு சரியாகத் தெரிந்தால், சுவரின் வண்ணம் எப்படி இருந்தால் என்ன?

ஐந்தாவது படி, காகிதத்தில் ஆடிப் பார்ப்பது. கம்ப்யூட்டரைத் தொடும் முன் சீட்டுக்கட்டு அளவில் அட்டைகள் வெட்டி, துண்டுகளின் படம் ஒட்டி, நாலு தொழிலாளர்களை ஆட வைக்க வேண்டும். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே “இப்படியெல்லாம் நடக்காது சார்” என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அட்டையைத் திருத்த அரை மணி போதும். எழுதிய மென்பொருளைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும்.

ஆறாவது படி, ஆடி முடித்தபின் பேச்சு. பீர் கேமின் பாடம் முழுவதும் கடைசி அரை மணிப் பேச்சில்தான் இருக்கிறது. “ஏன் அப்படிச் செய்தாய்? நிஜத்தில் அப்படி நடந்தது உண்டா?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டுப் பேசவைக்க வேண்டும். இது இல்லாவிட்டால் பையன் ஆட்டத்தில் ஜெயிக்கக் கற்றுக்கொள்வான், வேலையைக் கற்றுக்கொள்ள மாட்டான்.

எதற்கு மதிப்பெண்?

நொறுக்கும் இயந்திரத்தில் துண்டு சிக்கிக்கொள்கிறது. மெயின் சுவிட்சை அணைத்து, சக்கரம் நிற்கும் வரை காத்திருந்து எடுத்தால் இரண்டு நிமிடம் போகும். கையை விட்டு இழுத்தால் ஐந்து வினாடி. விளையாட்டில் ‘மணிக்கு எத்தனை கிலோ’ என்று மட்டும் மதிப்பெண் வைத்தீர்களானால், ஆடுகிறவன் கையை விடத்தான் பழகுவான். பத்து முறையில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. நீங்களே அவனுக்கு விரல் இழக்கப் பயிற்சி கொடுத்தவர் ஆவீர்கள். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் மனிதர்கள் கூட்டுவார்கள். ஆகவே வேகத்தோடு, அடுத்த கட்டத்தில் நிற்பவருக்கு வந்த தொல்லை எவ்வளவு என்பதையும் எண்ண வேண்டும்.

மதிப்பெண் யாருக்குச் சொந்தம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2011-இல் அமெரிக்காவில் அனஹைம் நகரத்து டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைப் பிரிவில், ஒவ்வொரு தொழிலாளியின் வேகத்தையும் பெயரோடு திரையில் காட்டினார்கள். வேகமானவர் பெயர் பச்சை, பின்தங்கினால் சிவப்பு. விளையாட்டுப் போட்டியைப் போலத் தோன்றும் ஏற்பாடு. தொழிலாளர்கள் அதற்கு ‘மின்சாரச் சாட்டை’ என்று பெயர் வைத்தார்கள். கழிப்பறைக்குப் போகவும் தயங்கியவர்கள் உண்டு என்று ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ எழுதியது.

விளையாட்டின் மரியாதையே தோற்கும் சுதந்திரத்தில் இருக்கிறது. பயிற்சி ஆட்டத்தில் தோற்றது சூப்பர்வைசர் கையில் அறிக்கையாகப் போய், சம்பளத்தில் வெட்டாகத் திரும்பி வந்தால், எவரும் துணிந்து தப்புச் செய்து பார்க்க மாட்டார்கள். தப்புச் செய்யாத இடத்தில் கற்பதும் இல்லை. பழகும் மதிப்பெண் ஆடுகிறவரிடமே இருக்க வேண்டும் என்பதை எழுத்திலேயே உறுதி செய்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. நம் இளைஞர்கள் நாளை இந்தத் துறையில் ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரும்போது நினைவில் கொள்ள வேண்டியது இது.

எந்த மொழியில்?

மும்பையில் ஒரே பட்டறையில் திருநெல்வேலிக்காரர், பீகார்க்காரர், சோலாப்பூர்க்காரர் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது சகஜம். பாதுகாப்புப் பலகை இங்கிலீஷில் இருந்தால் மூவருக்கும் அது சுவர்தான். இதற்கு இந்த ஊரே ஒரு வழி காட்டியிருக்கிறது. 1890 முதல் ஓடிக்கொண்டிருக்கும் டப்பாவாலாக்கள், டப்பாவின் மேல் நிறம், எண், சில எழுத்து ஆகியவற்றாலான குறியை வைத்தே, எங்கிருந்து எங்கே, எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கைமாற்றுகிறார்கள். அதிகம் படிக்காதவரும் படிக்கும் மொழி அது. பயன்விளையாட்டிலும் படமும் நிறமும் ஒலியும் முதலில், எழுத்து பிறகு. பேச்சு தேவைப்படும் இடத்தில், அந்தத் தொழிலாளி பேசும் மொழியில், அவர் சொல்லும் சொல்லிலேயே இருக்க வேண்டும். பட்டறையில் ‘கிரைண்டர்’ என்று சொல்வதற்கு நாம் தூய தமிழ்ச் சொல் தேடிக் குழப்பக் கூடாது.

உண்மையிலேயே பயன் உண்டா?

ட்ரேசி சிட்ஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலைப் பயிற்சியில் கணினிப் பாவனை விளையாட்டுகள் பற்றிய 65 ஆய்வுகளை, 6,476 பேரின் விவரங்களோடு, ஒன்றாகச் சேர்த்து 2011-இல் வெளியிட்டார். விளையாட்டால் பழகியவர்களுக்கு, மற்றவர்களைவிட, “என்னால் செய்ய முடியும்” என்ற நம்பிக்கை 20 சதவீதமும், விஷய அறிவு 11 சதவீதமும், செய்முறை அறிவு 14 சதவீதமும், நினைவில் தங்குவது 9 சதவீதமும் அதிகம்.

ஆனால் அதே ஆய்வு சொல்லும் மற்ற விஷயங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். விளையாட்டு மட்டும் போதாது, வேறு பயிற்சியோடு சேரும்போதுதான் பலன் நன்றாக இருக்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டால் பலன் கூடுகிறது. கேளிக்கை அம்சம் அதிகமானதால் கற்பது அதிகமாகவில்லை. இன்னொன்று முக்கியம். எதிர்த் தரப்பில் இருந்தவர்களும் சும்மா உட்கார்ந்து கேட்காமல் கையால் செய்து பழகியிருந்தால், அவர்களே விளையாட்டுக்காரர்களைவிட மேலாகக் கற்றிருந்தார்கள். மந்திரம் கம்ப்யூட்டரில் இல்லை, தானே செய்து பார்ப்பதில் இருக்கிறது. நல்ல ஆசான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துப் பழக்க முடியும் என்றால் அதுவே உத்தமம். அதற்கு ஆளோ நேரமோ இல்லாத இடத்திலும், தப்பினால் உயிர் போகும் என்பதால் நிஜத்தில் பழக்க முடியாத இடத்திலும்தான் விளையாட்டுக்கு வேலை.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மிடையே இரண்டு வகைச் செல்வம் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையிலும் ரயில்வேயிலும் ஆஸ்பத்திரியிலும் தோல் பட்டறையிலும் முப்பது நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு பக்கம். மென்பொருள் எழுதத் தெரிந்த பிள்ளைகள் மறு பக்கம். பெரியவர் தலையில் இருக்கும் அந்த ஐந்தாறு தீர்மானங்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. அவரோடு போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடங்கலாம். விடியற்காலையில் தாராவியிலிருந்து நகரமெங்கும் போகும் இட்லியையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மணிக்கு ஊறப்போடுவது, ஜனவரிக் குளிரில் மாவு புளிக்க எவ்வளவு கூடுதல் நேரம் விடுவது, மழை நாளில் எத்தனை இட்லி குறைத்து ஊற்றுவது, மிஞ்சினால் யார் தலையில் விழும் என்று அந்தத் தொழில் செய்கிற அம்மா ஒருவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் அட்டையில் எழுதட்டும். நாலு பேர் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். அது சரியாக வந்தால் செல்போனுக்குக் கொண்டுபோவது பெரிய காரியமில்லை. ‘ஸ்கிராட்ச்’ போன்ற இலவசக் கருவிகளைப் பள்ளிப் பிள்ளைகளே கையாளுகிறார்கள்.

அட்டைகளைத் தயார் செய்யும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியை மறக்காமல் எழுதிவைக்க வேண்டும்: இந்த முடிவு தப்பானால் யாருக்கு, எப்போது தெரியும்? அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் பெரியவர்கள். அதை ஆட்டமாக்கத் தெரிந்தவர்கள் பிள்ளைகள். இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பது சங்கத்தின் வேலை.